ஜூன் மாத நாடா

தோத்தோரானி ஊருக்கும் விஸ்கச்சானி ஊருக்கும் நடுவே ஓடும் எல்லை எங்கள் அலுவலகக் கணினிக்குள் இருந்தது. ஜனவரியில் ஒரு மதியம் இடி விழுந்து ஒரூரோ நகரத்தில் பாதித் தெருக்களுக்கு மின்சாரம் போனது. அது திரும்பி வந்தபோது கணினி விழிக்கவில்லை. உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிட்டது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். டிக், டிக் என்று ஏதோ தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

நாங்கள் நிலம் அளந்து வரைபடம் போடும் சிறிய அலுவலகம். மொத்தம் மூன்று பேர். அளப்பவர் இஞ்சினியர் அப்தோன் வில்கா. கணக்கும் கடிதமும் தோன்யா சுலேமாவின் பொறுப்பு; தோன், தோன்யா என்பது எங்கள் ஊரில் ஐயா, அம்மா மாதிரி. கதவுச் சாவியும் அவரிடம்தான். நான் நெலிதா, உதவியாளர். மாலையில் கணினி வகுப்புக்குப் போகிறேன், இரண்டாம் ஆண்டு. "எங்க பொண்ணுக்கு யூனிக்ஸ் தெரியும்" என்று இஞ்சினியர் வெளியாட்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் கோப்புகளை அடுக்கப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்தது வகுப்பில் எழுதிக்கொண்டது மட்டும். அதிலும் பாதி, எழுதும்போது புரியாதது.

எல்லை விஷயம் இதுதான். இரண்டு ஊருக்கும் ஒரு ஈரப் புல்வெளியின் மேல் கண். வறண்ட மாதங்களில் அவர்கள் கம்பளிக்கும் சுமைக்கும் வளர்க்கும் லாமாக்கள் பிழைப்பது அதில்தான். கவண் வீசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு பையனுக்குக் கண் போயிருக்கிறது. போன வருடம் ஜூனில் இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒருவழியாக ஒத்துக்கொண்டு, இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு மலை முகட்டில் நடந்தார்கள். ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் நின்று, மெல்லுவதற்குக் கோக்கா இலை மாற்றிக்கொண்டார்கள். இஞ்சினியர் கல்லின் மேல் ஜி.பி.எஸ். கருவியை வைத்து இடத்தைப் பதிந்தார். கடைசியில் எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். அந்தத் தாளில் கற்களின் பெயர்கள் இருக்கின்றன. அளவுகள் கணினியில் உள்ளபடி என்று ஒரு வரி இருக்கிறது; கணினியில் ஏற்றியதும் கருவியைக் காலி செய்துவிட்டோம்.

அந்தப் பக்கத்து ஊர்களில் தலைமை வருடத்துக்கு ஒரு குடும்பம் என்று சுற்றி வரும். புத்தாண்டன்று விஸ்கச்சானிக்குப் புதுத் தலைவர் வந்துவிட்டார், தோன் நிக்கானோர் போமா. அவர் போன வருடம் முகட்டில் நடக்காதவர். அளவுகள் காணோம் என்றால் எல்லையும் காணோம், முதலிலிருந்து பேசலாம் என்று சந்தையில் சொன்னதாகக் காதில் விழுந்தது. நில அதிகாரி முன் விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை.

தோத்தோரானியிலும் தலைமை மாறியிருந்தது. ஆனால் புதிய தலைவர், நடந்தவருக்குத்தான் விவரம் தெரியும் என்று பழைய தலைவரையே நகரத்துக்கு அனுப்பியிருந்தார். தோன் குமெர்சிந்தோ தோலா. கண் போன பையன் அவருடைய தம்பி மகன். திங்கட்கிழமை காலை வந்து வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தவர், தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லை வெளிய வந்துச்சா, தங்கச்சி?"

"இன்னும் இல்ல, தோன் குமெர்சிந்தோ."

"உள்ளதான இருக்கு? அப்ப வரட்டும். லாமா குட்டி போடறப்பவும் இப்படித்தான் உக்காந்திருப்போம். இழுத்தா செத்துரும்."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் எழுந்து போகவில்லை.

இஞ்சினியர் தலைநகர் லா பாஸிலிருந்து புது டிஸ்க் வரவழைத்திருந்தார். கையேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து அதைப் பொருத்தி, கணினியை இயக்கும் யூனிக்ஸை மறுபடி ஏற்றினேன். அதுவரை நன்றாகத்தான் போனது. இனி நாடாக்களிலிருந்து பழைய கோப்புகளைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் மாறிய கோப்புகளை மட்டும் ஒரு சின்ன நாடாவில் நகல் எடுப்பது என் வேலை. எல்லாக் கோப்புகளையும் சேர்த்து எடுத்த முழு நகல் ஒன்று உண்டு. ஆனால் அது முகட்டில் நடந்து எல்லை அளப்பதற்கு முன்பு எடுத்தது. வருடக் கடைசியில் இன்னொரு முழு நகல் எடுக்க வேண்டியது, கிறிஸ்துமஸ் நெருக்கடியில் தள்ளிப்போய்விட்டது. ஆகவே எல்லை ஒரே ஒரு நாடாவில் இருந்தது. எல்லை அளந்த வாரத்து ஜூன் மாத நாடா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

நாடாவைப் படிக்கும் டேப் டிரைவ் தனிப் பெட்டி. கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தடிமனான கேபிளால் இணைந்திருக்கும். முன்பக்கம் நாடாவை விழுங்க ஒரு வாய். அதை இணைத்துக் கணினியை எழுப்பினேன். அப்படி ஒரு பெட்டியே இல்லை என்றது கணினி.

எங்கள் வகுப்பில் ஒரு வரிசை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் வெளியே தெரிவதைப் பார், பிறகு உள்ளே போ, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதன்படி செய்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். பயனில்லை. பெட்டியை முதலில் போட்டு, பச்சை விளக்கு எரிந்த பிறகு கணினியைப் போட்டேன். பயனில்லை. கேபிளின் கடைசியில் இருக்க வேண்டிய அடைப்புச் செருகி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பிறகுதான் எண் ஞாபகம் வந்தது. ஒரே கேபிளில் தொங்கும் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். புது டிஸ்க்கும் நாடாப் பெட்டியும் ஒரே எண்ணோடு இருந்தன. ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது? பெட்டியின் முதுகில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றினேன். கணினி பெட்டியைக் கண்டுகொண்டது.

"வந்துச்சா?" என்றார் தோன் குமெர்சிந்தோ.

"பெட்டி வந்துச்சு. எல்லை இனிமேதான்."

நாடாவைப் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். பலநாள் ஓடாமல் கிடந்த பெட்டியில் முக்கியமான நாடாவைப் போடாதே, முதலில் சுத்தம் செய் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி. நாடாவைத் தாங்கும் தட்டின் ஒரு மூலையில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கார்னிவல் திருவிழாவில் தூவும் வட்டக் காகிதப் பொட்டு. பிசுபிசுப்பாகக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நகத்தால் பெயர்த்துக் குப்பையில் போட்டேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். மனதுக்குத் திருப்தியாக இருந்தது.

முழு நகல் நாடாவை முதலில் போட்டுப் பார்த்தேன். சரளமாக ஓடியது. கோப்புகளின் பெயர்கள் திரையில் ஏறிக்கொண்டே போயின. இஞ்சினியர் என் தோளைத் தட்டினார். தோன்யா சுலேமா காபி கொண்டுவந்து வைத்தார். ஜூன் நாடாவைப் போட்டேன். பெட்டி உறுமியது, பின்னால் ஓடியது, முன்னால் ஓடியது, நின்றது. படிக்க முடியவில்லை.

ஜூலை நாடாக்களும் அப்படியே. ஆகஸ்ட், நவம்பர், எதுவும் ஓடவில்லை. ஜூனிலிருந்து நான் எடுத்த நாடாக்கள் எல்லாமே குப்பை என்று பெட்டி சொன்னது. இஞ்சினியர் சன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார்; திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நான் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கு அப்படித்தான் முதலில் தோன்றும். ஆனால் நான் வெள்ளிக்கிழமைதோறும் எழுதிய நாடாவை உடனே ஒருமுறை திரும்பப் படித்துப் பார்ப்பேன். ஒரு வாரம்கூடத் தப்பு வந்ததில்லை. இதே பெட்டி, இதே நாடாக்களை, அப்போது படித்திருக்கிறது. இப்போது படிக்கவில்லை. நடுவில் பெட்டியில் மாறியது என்ன?

நான் சுத்தம் செய்ததுதான் மாறியது.

மறுநாள் காலை மிச்ச நாடாக்களையும் போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்தேன். ஓடுபவை ஒரு பக்கம், ஓடாதவை ஒரு பக்கம். ஓடியவை எல்லாம் போன கார்னிவலுக்கு முந்தியவை. ஓடாதவை எல்லாம் அதற்குப் பிந்தியவை. தோன்யா சுலேமாவைக் கூப்பிட்டு, போன கார்னிவல் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் படைத்தபோது இந்தப் பெட்டிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

எங்கள் ஊரில் கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலை செய்யும் பொருளுக்கெல்லாம் படையல் உண்டு. லாரிக்கும் தையல் மிஷினுக்கும் காகித மாலை சுற்றி, பொட்டுக் காகிதமும் மிட்டாயும் தூவி, நாலு சொட்டு பீர் தெளிப்போம். அலுவலகத்தில் இதைச் செய்வது தோன்யா சுலேமாதான். யாரையும் விட்டுவிட மாட்டார்.

"மத்ததுக்கெல்லாம் தலையில தூவினேன்" என்றார். "இது ஒன்னுக்குத்தான் வாய் இருக்கு. வாய் இருக்கறவனுக்குத் தலையில கொட்டினா நல்லாவா இருக்கும்? ஊட்டிவிட்டேன்."

"பீருமா?"

"காகிதத்த வெறும் வாயில எப்படி முழுங்கும்? ஒரு மடக்குதான் குடுத்தேன்."

இஞ்சினியர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"வருஷம் பூரா அது முனகினது பீர் பத்தலன்னுதான் போல" என்றார் கடைசியில்.

"கேலி பண்ணாதீங்க, இஞ்சினியர். போன வருஷம் ஒரு தடவ நின்னுச்சா அது? இடி விழுந்ததும் உங்க டிஸ்க்குதான் போச்சு. நான் ஊட்டினது இன்னும் ஓடுது."

நான் என் எண்ணத்தைச் சொன்னேன். அந்தப் பொட்டு தட்டின் ஒரு மூலையைத் தூக்கியிருக்கிறது. அதனால் நாடா வருடம் முழுவதும் சற்றுச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறது. சாய்வாக எழுதியதை, பெட்டி அதே சாய்வோடு படித்தது. யாருக்கும் தெரியவில்லை. நான் பொட்டை எடுத்துத் தட்டை நிமிர்த்திவிட்டேன். இப்போது நேராகப் பார்த்தால் சாய்ந்த எழுத்து அதற்குப் புரியவில்லை. பெட்டியை மறுபடி சாய்க்க வேண்டும்.

"ரிப்பேர் பண்ணினத மறுபடி கெடுக்கணும்ங்கற" என்றார் இஞ்சினியர்.

"ஆமா. அது கெட்டிருந்த அளவுக்குச் சரியா."

அவர் யோசித்துவிட்டு, என் யோசனை தப்பாக இருந்தாலும் வேறு யோசனை யாரிடமும் இல்லை என்றார். தைரியம் சொல்கிறாரா, சலித்துக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. குப்பைக்கூடை முந்தின நாளே காலியாகியிருந்தது, பழைய பொட்டு போனது போனதுதான். தோன்யா சுலேமா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனார். கார்னிவல் நெருங்கிவிட்டதால் தெருமுனையில் பொட்டுக் காகிதம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. ஒரு பை வாங்கிவந்து, அதில் ரோஸ் நிறத்தை மட்டும் பொறுக்கி எடுத்து என் முன் வைத்தார். நிறம் எதுவானாலும் பரவாயில்லை என்றேன். "உனக்குப் பரவால்ல" என்றார்.

ஜூன் நாடாவைத் தொடவில்லை. ஆகஸ்டில் எடுத்த ஒரு நாடாவில் பழைய கடிதங்கள் மட்டும் இருந்தன, போனால் போகட்டும். அதை வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வைத்தால் ஒன்றும் இல்லை. இரண்டு வைத்தால் ஓரிரு பெயர்கள் வந்து நின்றன. மூன்று வைத்தால் பெட்டி நாடாவை ஏற்கவே இல்லை. மறுபடி இரண்டு வைத்து, ஒரு சொட்டு பீரில் நனைத்து, விரலால் அழுத்திக் காயவிட்டேன். பீர் தோன்யா சுலேமாவின் யோசனை. நான் மறுக்கவில்லை. காய்ந்தபின் பொட்டுகள் பழையது போலக் கெட்டியாகியிருந்தன.

ஆகஸ்ட் கடிதங்கள் முழுவதும் வந்தன.

தோன் குமெர்சிந்தோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார். திரையில் ஓடும் எழுத்தை அவர் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் நாடாவை உள்ளே தள்ளினேன். உறுமியது. பெயர் வந்தது. எல்லைக் கோப்பு. அதன் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக டிஸ்க்கில் இறங்கத் தொடங்கின. ஆற்று மூலையிலிருந்து கிளம்பி, கழுகுப் பாறை தாண்டி, கற்களின் பெயர்களை நான் வாய்விட்டுப் படிக்கப் படிக்க அவர் உதடு அசைந்தது. அவருக்கு வரிசை மனப்பாடம்.

பிறகு பெட்டி கீச்சென்று ஒலித்தது, நின்றது.

மறுபடி ஓட்டினேன். இந்த முறை இன்னும் முன்னாலேயே நின்றது. நாடாவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். ஓரத்தில் மடிப்பு விழுந்திருந்தது. இன்னொரு தடவை ஓட்டினால் அறுந்துவிடும் என்றேன். இஞ்சினியர் ஒத்துக்கொண்டார். முதல் ஓட்டத்தில் இறங்கியது பத்திரமாக இருந்தது. விடுபட்டது கடைசி மூன்று கற்கள் மட்டும்.

அந்த மூன்றுதான் ஈரப் புல்வெளியின் ஓரத்துக் கற்கள்.

இஞ்சினியர் பென்சிலை எடுத்து, வந்த எண்களை வைத்து அச்சடித்த வரைபடத்தில் கோடு நின்ற இடத்திலிருந்து முகட்டின் வழியே மெல்லிசாக இழுத்தார். முகடு அங்கே கிட்டத்தட்ட நேராகப் புல்வெளிக்கு இறங்குகிறது. நடந்தவர் அவர். கல் எங்கே இருந்தது என்று அவருக்கு ஓரளவு நினைவிருக்கிறது. பத்து அடி அப்படி இப்படி இருக்கலாம்.

"மூணு எண்ணையும் நான் போட்டுடறேன்" என்றார். "யாரு கண்டா?"

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. போடலாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று பயப்படுகிறேன்.

தோன் குமெர்சிந்தோ வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பத்து அடி எந்தப் பக்கம், இஞ்சினியர்?"

"தெரியல."

"எங்க பக்கம் வந்தா நான் சும்மா இருப்பேன். அவங்க பக்கம் போனா அவங்க சும்மா இருப்பாங்க. என்னைக்காவது ஒருத்தன் அளந்து பாப்பான். அன்னைக்கு மத்த கல்லெல்லாமும் பொய்யாயிரும்." தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "என் தம்பி மகனுக்கு மிச்சம் ஒரு கண்ணுதான் இருக்கு. வெறுமையாவே விடுங்க."

இஞ்சினியர் பென்சில் கோட்டை அழித்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நாடா எப்படிக் கெட்டது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. பொட்டுக் காகிதம், பீர் என்று அதிகாரி முன் எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அதிகாரி கேட்கவில்லை. வரைபடத்தை விரித்தார்கள். கோடு வந்து வந்து, புல்வெளிக்கு முன்னால் நின்றது. அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

தோன் நிக்கானோர் போமா நான் நினைத்ததைவிட இளையவர். பேசத் தயாராக வந்திருந்தார், மடியில் தாள்கள் இருந்தன. அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஏன் ஒன்னும் இல்ல?"

இஞ்சினியர் என்னைப் பார்த்தார். கட்டி வைத்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. நாடா அந்த இடத்தில் மடங்கிவிட்டது, அளவு வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"நீங்களே போட்டிருக்கலாமே."

"போடல."

"ஏன்?"

"அவர் வேணாம்னார்" என்று தோன் குமெர்சிந்தோவைக் காட்டினேன்.

தோன் நிக்கானோர் அவரைப் பார்த்தார். தோன் குமெர்சிந்தோ கண்ணைத் தாழ்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை. தோன் நிக்கானோர் மடியில் இருந்த தாள்களைத் திரும்பப் பைக்குள் வைத்தார். சமாதானம் என்று அவர் சொல்லவில்லை. முன்பு நடந்தவர்கள் தன் மாமன்மார், அவர்கள் ஒத்துக்கொண்ட கற்களைத் தான் மறுக்கப்போவதில்லை, ஆனால் மிச்சமுள்ள மூன்று கல்லுக்கும் தானே நேரில் நடந்து வர வேண்டும் என்றார். சாப்பாடும் கோக்காவும் தோத்தோரானியின் செலவு என்றும் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் போனோம். மழை விட்டிருந்தது, ஆனால் புல்வெளியில் கால் வைத்தால் கணுக்கால்வரை தண்ணீர். முதல் கல் எங்கே என்பதில் இரண்டு பக்கமும் மூன்றடி வித்தியாசம். தோத்தோரானிக்காரர்கள் இங்கே என்றார்கள், விஸ்கச்சானிக்காரர்கள் அங்கே என்றார்கள். குரல் உயர்ந்தது. ஆட்கள் இடுப்பில் கவண் சுற்றியிருந்தார்கள். அங்கே எல்லாரும் எப்போதும் சுற்றியிருப்பார்கள்தான். ஆனாலும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண், விஸ்கச்சானிக்காரி, சகதிக்குள் கம்பால் குத்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். கம்பு கல்லில் இடித்தது. மழையில் கல் சரிந்து புதைந்திருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் சொன்ன இடங்களுக்கு நடுவே. யார் சொன்னதும் சரியில்லை என்றதும் குரல்கள் இறங்கிவிட்டன. ஆறு பேர் குனிந்து அதை நிமிர்த்தினார்கள். யார் எந்த ஊர் என்று சகதியில் தெரியவில்லை. சாப்பாட்டுத் துணிகளை விரித்தார்கள், உலர்ந்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். இஞ்சினியர் கருவியைக் கல்லின் மேல் வைத்தார். அது வானத்தில் செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருந்தவரை சாப்பிட்டோம்.

அளவு வந்தது. கருவியில் பதிந்துவிட்டு, நான் கேட்டுக்கொண்டபடி இஞ்சினியர் அதை என்னிடம் நீட்டினார். எண்களை உரக்கப் படித்தேன். தோன் குமெர்சிந்தோவும் தோன் நிக்கானோரும் ஆளுக்கு ஒரு தாளில் தங்கள் கையாலேயே எழுதினார்கள். காற்று பலமாக அடித்ததால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னேன்.

"கடைசி எண்ணு ஏழா, ஒன்னா?" என்றார் தோன் நிக்கானோர்.

"ஏழு."

அவர் நம்பாமல் எட்டி தோன் குமெர்சிந்தோவின் தாளைப் பார்த்தார். தோன் குமெர்சிந்தோ தாளை அவருக்கு வசதியாகத் திருப்பிக் காட்டினார். பிறகு எல்லாரும் எழுந்து அடுத்த கல்லைத் தேடிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினோம்.